நாலாம் எண் கணினி

பதிவேட்டில் பெயரை எழுதி, வந்தவரை உட்காரவைத்த மறுநிமிடம் லத்தீஃபா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டுவிடுவாள். ஸ்ஃபாக்ஸ் நகரத்து இணையக் கடைகளில் எல்லாத் திரைகளும் கடைக்காரரின் மேசையைப் பார்த்தே இருக்க வேண்டும் என்பது சர்க்கார் விதி. அவள் கடையில் ஆறு திரைகளும் ஒழுங்காக அவளைப் பார்க்கின்றன. அவள்தான் அவற்றைப் பார்ப்பதில்லை. கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே இருப்பது ஆளா அலமாரியா என்றே அவளுக்குத் தெரியாது.

வாரம் தவறாமல் வரும் மஃப்டி போலீஸ்காரர் கம்மூன், எல்லாரையும் கவனிக்கிறாளா என்று கேட்பார். "அந்தப் பக்கமாத்தானே சார் நாள் பூரா உக்காந்திருக்கேன்," என்பாள். பொய் சொல்வது அவளுக்குப் பிடிக்காது.

தலைநகரில் உட்கார்ந்து ஊரார் கடிதங்களைத் திறப்பவனுக்கு மக்கள் 'அம்மார்' என்று செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள். "அக்கா, என் மெயிலை எனக்கு முந்தியே அம்மார் படிச்சிட்டான்," என்று யாராவது அலுத்துக்கொண்டால், "பதிலும் அவனே போட்டுட்டானான்னு பாரு, உனக்கு வேலை மிச்சம்," என்பாள்.

இருபது வருஷம் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தவள். பதிவேட்டில் பெயர், அடையாள அட்டை எண், கணினி, நேரம் எல்லாம் முத்து முத்தாக இருக்கும். அடித்தல் திருத்தல் கிடையாது.

செவ்வாய்தோறும் நாலு மணிக்கு நஜ்வா டீச்சர் வருவாள். நாலாம் எண் கணினியில் உட்கார்ந்து, போலீஸ் யார் யாரையெல்லாம் பிடித்துப்போனது என்று கடல் கடந்து மார்செய்யில் இருக்கும் அண்ணனுக்குப் புனைபெயரில் எழுதுவாள். போன மாதம் கம்மூன் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. "லெட்டரு தலைநகர்லயே எங்க கைக்கு வந்திருச்சு. நீ பாத்தா என்ன, பாக்காட்டி என்ன? எந்தக் கம்ப்யூட்டரு, எந்த நேரம்னும் தெரியும். எழுதின ஆளு பேருதான் வேணும். பதிவேட்டைக் குடு."

செவ்வாய், நாலு மணி, நாலாம் எண். தேட வேண்டியிருக்கவில்லை. "இந்த ஊர்ல உன் கையெழுத்துக்கு ஈடே இல்ல," என்று மெச்சிவிட்டுத்தான் போனார்.

அதற்குப் பிறகு நஜ்வாவின் அம்மாதான் வந்தாள். "எந்த ஸ்டேஷன்லயும் இல்லைங்கறாங்க லத்தீஃபா. கடைசியா அவ என்னிக்கு வந்தா? ஏட்டைப் பாத்துச் சொல்லேன்." லத்தீஃபா ஏட்டைத் திறக்காமலே தேதியைச் சொன்னாள்.

இந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு கல்லூரிப் பெண் வந்து அட்டையை நீட்டினாள். கண்ணாடி ஏற்கெனவே உறைக்குள் போயிருந்தது. "உள்ள வைம்மா. நாலு காலியா இருக்கு, போய் உக்காரு," என்றாள் லத்தீஃபா. பிறகு பதிவேட்டின்மேல் குனிந்து எட்டு இலக்கங்களை மனப்பாடமாக எழுதினாள். வரி கோணிக்கொண்டு போனது. எட்டும் அவளுடைய சொந்த அட்டையின் இலக்கங்கள்.