ஆல்டர் தெருவுக்கு விழுந்த பெயர்

அமெரிக்காவில், டொலீடோ நகரத்தின் ஆல்டர் தெருவை வெர்லீன் டிப்ஸ் அளவுக்கு நேசித்தவர்களும் இல்லை, திட்டித் தீர்த்தவர்களும் இல்லை. பிறந்தது அங்கே, வாழ்க்கைப்பட்டது அங்கே, கணவனைப் பறிகொடுத்ததும் அங்கேதான். பள்ளிப் பேருந்து ஓட்டிப் பிழைத்தாள்.

கண்ணாடி ஆலை மூடியதும் வேலை தேடிப் போனவர்கள் ஜன்னல்களுக்குப் பலகை அடித்துவிட்டுப் போனார்கள். கொஞ்ச நாளில் மளிகைக் கடையும் போயிற்று. ஒரு கட்டுக் கீரை வாங்க இரண்டு பஸ் மாற வேண்டும். அட்லாண்டாவில் இருந்த மகள் தன்னோடு வந்துவிடச் சொன்னபோது, "நான் எதுக்குடி போவணும்? போக வேண்டியது இந்தக் குப்பைதான்" என்று போனை வைத்துவிட்டாள்.

அந்த வசந்தத்தில் நகரத் திட்ட அலுவலகத்திலிருந்து பிரிட்ஜெட் கோவல் என்ற பெண் வந்து, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கூட்டம் போட்டாள். எதையும் மறைக்காமல் சொன்னாள். இந்தப் பகுதியை 'சீரழிந்த பகுதி' என்று நகர சபை அறிவிக்க வேண்டும். அறிவித்துவிட்டால், இனி இங்கே கூடுகிற வீட்டு வரி பொதுக் கஜானாவுக்குப் போகாமல் இங்கேயே செலவாகும். அதை நம்பி வங்கி இப்போதே கடன் தரும். மாநிலமும் தன் பங்கைப் போடும்.

கூட்டத்தின் காதில் விழுந்தது ஒரே வார்த்தைதான்.

கொர்னீலியஸ் பீக் எழுந்தார். ஆலையின் உலையடியில் ஆயுசைக் கழித்தவர். வருஷா வருஷம் வீட்டுக்கு வெள்ளை அடிக்காமல் அவருக்குக் கோடை பிறக்காது.

"யாரும்மா சீரழிஞ்சவங்க? என் வீட்டு வாசல்ல வந்து நின்னு அதைச் சொல்லு பாப்போம்!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. எல்லோரும் அவர் பின்னால் வெளியேறினார்கள். வெர்லீனும் கொதிப்போடுதான் எழுந்தாள். வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"ஏம்மா, அந்த வார்த்தை இல்லாம பணம் வராதா?"

"வராதுங்க. சட்டம் அந்த வார்த்தையைத்தான் கேக்குது."

வெர்லீன் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்தாள். மூன்று தெருக்களைத் தரைமட்டமாக்கி அடுக்குமாடிகள் போட்டிருந்தார்கள். "என் வீடு இருக்கற எடத்துல மரம் வரைஞ்சிருக்கீங்களே!"

பிரிட்ஜெட்டின் முகம் சிவந்தது. "இது முடிவு இல்லைங்க. நீங்க எல்லாரும் சேர்ந்து வேற திட்டம் குடுத்தா, சபை அதையும் பாத்தே ஆகணும்."

அன்று முதல் வெர்லீன் அந்த அறிவிப்புக்குச் சம்மதக் கையெழுத்துக் கேட்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள். "பேரு கெட்டது கெட்டாச்சு. அதுக்கு வெலையாவது வாங்க வேணாமா?" என்று கேட்டாள். சிலர் சிரித்தார்கள், சிலர் கதவைச் சாத்தினார்கள். எல்லோரும் கடைசியில் கேட்டது, "கொர்னீலியஸ் என்ன சொல்றாரு?" என்பதுதான்.

அவர் அசையவில்லை. "நீயுமா வெர்லீன்? உங்கப்பனோட சேர்ந்து உலையில நின்னவன் நான். என்னைப் போய் இதுக்குக் கையெழுத்துக் கேக்கறியே!"

ஒரு சனிக்கிழமை, பள்ளியில் அனுமதி வாங்கி, பேருந்தில் அக்கம்பக்கத்தாரை ஏற்றிக்கொண்டு அவர் வீட்டு வாசலில் நிறுத்தினாள். ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

"பெருசு, ஏறுறீங்களா, இல்ல செத்தவங்களையும் எழுப்பட்டுமா?"

தேவாலயத்துக்குப் போடுகிற தொப்பியோடு, முணுமுணுத்துக்கொண்டே ஏறினார். பேருந்து பின் தெருக்களில் மெல்ல ஊர்ந்தது. உயரமான ஜன்னல்களிலிருந்து பார்த்தால் வேலிகளுக்கு உள்ளே இருப்பதெல்லாம் தெரிந்தது. ஒரு வீட்டருகே கொர்னீலியஸ் கையை உயர்த்தினார். அவருடைய தோழர் லானியின் வீடு. கூரை உள்ளே விழுந்து, சமையலறை ஜன்னல் வழியாக ஒரு மரம் வெளியே எட்டிப் பார்த்தது.

"லானி கல்யாணத்துக்கு அந்த வராண்டாவுலதான் ஆடினேன்," என்றார். பேருந்து நகர்ந்ததும், "என் வீட்டுச் சுவத்தை மட்டுமே பாத்துக்கிட்டு இருந்துட்டேன் போலிருக்கு" என்றார்.

அதற்குப் பிறகு வேலை ஓடியது. குடியிருக்கும் ஒரு வீட்டையும் இடிக்கக் கூடாது. முதல் பணம் கூரைக்கும் குழாய்க்கும். அடுத்தது மளிகைக் கடை. இவர்கள் சொல்லச் சொல்ல, பிரிட்ஜெட் வரைபடத்தைத் திரும்பத் திரும்ப அழித்து வரைந்தாள். வங்கியிலிருந்து வந்தவர் மட்டும் இழுத்தார்: "இங்க கடை வச்சா யாருங்க வாங்குவா?"

"ரெண்டு பஸ் மாறிப் போய் வாங்கறோமே, நாங்கதான்!" என்றாள் வெர்லீன். அவர் பேனாவை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார்.

சபை கூடிய நாளில் உட்கார இடமில்லை. பேச அழைத்ததும் கொர்னீலியஸ் தொப்பியைக் கழற்றினார். "என் வீடு சீரழியல. என் ஜனம் சீரழியல. ஆனா என் தெரு சீரழிஞ்சு கெடக்குது, நான் பாத்தேன். அப்படியே எழுதிக்கோங்க. எழுதிட்டு, நாங்க போட்ட திட்டத்துக்குப் பணத்தைக் குடுங்க."

எதிர்த்து ஒரு கைகூட உயரவில்லை. எழுந்த ஆரவாரத்தில் சபைத் தலைவரின் சுத்தியல் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. அன்று மாலை ஆல்டர் தெருவின் நடுவிலேயே மேசைகளைப் போட்டு மீன் வறுத்தார்கள். பிரிட்ஜெட்டையும் இழுத்து ஆட வைத்தார்கள். அவளுக்கு ஆடவே வரவில்லை. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

பனிக்காலத்துக்குள் கூரைகள் மாறின. அடுத்த ஆண்டு கடை திறந்தது. நாடாவை வெட்டிய வெர்லீன் பேச வாய் திறந்தாள். அழுகைதான் வந்தது. கூட்டமே அவளுக்காகக் கத்தியது. அதற்குள் கொர்னீலியஸ் காய்கறிப் பக்கம் போய்விட்டு வந்திருந்தார்.

"தக்காளி வெலை ஜாஸ்தி."

"அடுத்த கூட்டத்துல பேசிக்கலாம் பெருசு," என்றாள் வெர்லீன், மூக்கைத் துடைத்துக்கொண்டு. குடியிருப்போர் குழுவுக்குத் தலைவி இப்போது அவள்தான்.