ஜாஸ்மின் எரித்த டி.வி. கேம்

“திரு. தேவசகாயம், மின் பராமரிப்பு மேற்பார்வையாளர். இருபது ஆண்டுப் பணியில் மூல காரணத்தைக் கண்டறியாமல் எந்தப் பழுதையும் முடித்து வைத்ததில்லை. ஆதாரமின்றி எவர் மீதும் பழி போட்டதில்லை. தோல் துண்டுகளால் நேரும் மின்கோளாறுகளை நமது ஆலையில் அறவே ஒழித்த பெருமை இவரையே சாரும்.”

ஆம்பூரின் ஒரு ஷூ கம்பெனியில், கேன்டீன் சுவரில், பாதுகாப்பு வார விழாப் படத்துக்குக் கீழே இப்படி எழுதி மாட்டியிருக்கிறார்கள். இதில் கடைசி வரி முழு உண்மை. மற்ற வரிகளின் பொய்யைக் காட்டிக்கொடுத்ததும் அதே வரிதான்.

ஆம்பூரில் ஆடுகிற பொருள்களெல்லாம் தோலின் தயவில் நிற்கின்றன. மேசைக்கால் ஆடினால் அடியில் ஒரு துண்டு. ஜன்னல் அடித்துக்கொண்டால் இடுக்கில் ஒரு துண்டு. கோயில் பெஞ்சுக்கும் சரி, சலூன் நாற்காலிக்கும் சரி, மருந்து ஒன்றுதான். கம்பெனியிலோ பிளக் லூஸ், ஸ்விட்ச் லூஸ் எல்லாவற்றுக்கும் தோலையே சொருகிவைத்திருந்தார்கள். தேவசகாயம் வந்துதான் அதை நிறுத்தினார். குரோம் போட்டு, இன்னும் பதப்படுத்தி முடிக்காத நீலத் தோல் ஈரத்தைக் குடிக்கும், அதிலுள்ள உப்பும் அமிலமும் செம்பைத் தின்னும் என்று பலகை எழுதி மாட்டினார். மீறிச் சொருகியவர்களை லைன் முன்னால் நிறுத்திவைத்து, “இது யார் வேல? வாயத் தொறந்து சொல்லு, எல்லாருக்கும் கேக்கட்டும்” என்று கேட்பார். சொன்னால் விட்டுவிடுவார். சொல்ல வைப்பதுதான் தண்டனை.

அவருடைய தங்கை ஜாஸ்மினும் அதே கம்பெனியில்தான், தையல் பிரிவில் இருக்கிறார். மோட்டார் இயந்திரத்தில் நாளைக்கு எட்டு மணி நேரம் ஷூ மேல்பாகம் தைப்பவர். ஆனால் அம்மா வீட்டில் அவர் பெயர் ‘ஃபியூஸ்’. அங்கே மிக்ஸியில் சாமான் போடுவது ஜாஸ்மின், சுவிட்சைத் தட்டுவது வேறு யாராவது. தன் வீட்டில் தினமும் அவரே ஓட்டும் மிக்ஸிதான். அம்மா வீட்டுக்குள் நுழைந்தால் மட்டும் அந்தக் கைக்குத் தகுதி போய்விடும்.

காரணம் ஒரு டி.வி. கேம். தொண்ணூற்றெட்டு கிறிஸ்துமசுக்கு, தோல் பதனிடும் ஷெட்டில் வேலை பார்த்த அப்பா, மெட்ராஸ் பர்மா பஜாரில் வாங்கி வந்தது; மஞ்சள் கேசட் சொருகி விளையாடும் வகை. அடுத்த வருடம் நவம்பர் மழையில் ஒருநாள், ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த ஜாஸ்மின் அதைப் போட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது, அணைந்தது. அவ்வளவுதான். பதினொன்றாவது படித்த அண்ணன் பள்ளியிலிருந்து வந்து பார்த்தார். மூல காரணம் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

“நீதான் எரிச்சிட்ட.”

அன்றிலிருந்து வருடா வருடம் கிறிஸ்துமஸ் சாப்பாட்டில் அந்தக் கதை பரிமாறப்பட்டது. முதல் வருடம் வெறும் விளக்கு அணைந்தது. மூன்றாம் வருடம் புகை வந்தது. பத்தாம் வருடம் பொறி பறந்து, பக்கத்து வீட்டுக்காரர் மணல் வாளியோடு ஓடிவந்தார். ஜாஸ்மினும் சிரிப்பார். சிரிக்காமல் விட்டால் கதை இன்னும் வளரும்.

கதையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பத்தாவது முடித்த ஜாஸ்மின் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படிக்கிறேன் என்றபோது, அப்பா வேலூர் போய் விண்ணப்பம்கூட வாங்கி வந்துவிட்டார். வந்த பிறகு யோசித்தார். “வீட்ல ஒரு டி.வி. கேம் எரிஞ்சது போதும்” என்று அதைச் சமையலறை அலமாரியில் விரித்துவிட்டார். அதே வருடம் தேவசகாயம் ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படிக்கச் சேர்ந்தார்.

இந்த வருடம் கம்பெனியில், தையல் பிரிவுப் பெண்களில் ஆறு பேரை இயந்திரப் பராமரிப்புக்குப் பயிற்சி கொடுத்து எடுப்பதாக அறிவித்தார்கள். ஜாஸ்மின் பெயர் கொடுத்தார். மேனேஜர் உமர் ஃபாரூக் அவருடைய விண்ணப்பப் பாரத்தை தேவசகாயத்திடமே நீட்டினார். “உங்க தங்கச்சிதானே? ஒரு வரி எழுதிக் குடுங்க, திங்கக்கிழம வேணும்.” தேவசகாயம் நேர்மையானவர், தங்கை என்பதற்காகச் சலுகை காட்டக் கூடாது என்று நினைத்தார். ‘மின்சாதனங்களைக் கையாளப் பொருத்தமில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அது சனிக்கிழமை. மறுநாள், கோயில் முடிந்து எல்லோரும் அம்மா அமிர்தவள்ளி வீட்டில் கூடினார்கள். வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்ததில் டி.வி. கேம் வெளியே வந்திருந்தது.

“மச்சான், உங்க வூட்டு எரிஞ்ச கேம் வந்துடுச்சு பாருங்க” என்றார் ஜாஸ்மினின் கணவர் ஜீவா. ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலை. மாமியார் வீட்டில் அவருக்குப் பிடித்த பொழுதுபோக்கு இந்தக் கதைதான். “அந்தப் பொறி பறந்தத ஒருதபா சொல்லுங்க.”

“சொல்றது இன்னாத்துக்கு? அண்ணன் பெரிய எலெக்ட்ரீஷியன் ஆச்சே” என்றார் ஜாஸ்மின், வெங்காயம் உரித்தபடி. “செஞ்சே காட்டட்டும்.”

தேவசகாயத்துக்கு மறுக்க வழியில்லை. ஆசையும் இருந்தது. வண்டியிலிருந்து மீட்டரையும் ஸ்க்ரூ டிரைவரையும் பற்றவைக்கும் சால்டரிங் அயனையும் எடுத்து வந்து கூடத்துத் தரையில் உட்கார்ந்தார். முதலில் பிளக் பாயின்ட், சரி. அடுத்து அடாப்டர். ஒன்பது வோல்ட் என்று போட்டிருந்தது, மீட்டர் பதின்மூன்று காட்டியது.

“ஜாஸ்தி காட்டுதே, அதான் எரிஞ்சிருக்கும்” என்றார் ஜீவா.

“லோடு இல்லாதப்ப பழைய அடாப்டர் அப்படித்தான் காட்டும் மாப்ள. அது நல்லாத்தான் இருக்கு.”

ஒயரை வளைத்துப் பார்த்தார், அறுந்திருக்கவில்லை. பிறகு பெட்டியைத் திருப்பி ஐந்து ஸ்க்ரூக்களைக் கழற்றி மூடியைத் திறந்தார். கருகல் வாசனைக்கு முகத்தைத் தயார் செய்து வைத்திருந்தார். கருகல் இல்லை. கரும்புள்ளிகூட இல்லை. எதுவுமே எரிந்திருக்கவில்லை.

பின்பக்கம், அடாப்டர் பின் சொருகும் ஜாக்குக்கும் பிளாஸ்டிக் சுவருக்கும் நடுவில், மூன்றாக மடித்த தோல் துண்டு ஒன்று இறுக்கமாக உட்கார்ந்திருந்தது. நீலத் தோல். அது தொட்டிருந்த இடமெல்லாம் பச்சைக் களிம்பு. போர்டில் ஜாக்கிலிருந்து சுவிட்சுக்குப் போகும் செம்புக்கோடு ஒரு விரல் அகலத்துக்கு இல்லவே இல்லை, தின்று தீர்க்கப்பட்டிருந்தது.

கம்பெனியில் இப்படி ஒன்றைப் பார்த்தால் அவர் கேட்கும் முதல் கேள்வி வாய்வரை வந்தது. இது யார் வேலை?

துண்டைப் பிரித்தார். உள்மடிப்பில் பேனாவால் ஒரே கையெழுத்து ஏழெட்டு முறை போடப்பட்டிருந்தது. ‘தே’வின் கொம்பு பாம்பு மாதிரி சுருண்டு, கடைசியில் கீழே இரண்டு கோடு. பதினாறு வயதில் பழகிய கையெழுத்து. நேற்றுப் பாரத்தில் போட்டதும் அதுதான். ஒரு கோடுகூட மாறவில்லை.

அப்போது நினைவு வந்தது. ஜாக் லூசாகி விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. அப்பாவுக்குத் தெரியாமல் பெட்டியைத் திறந்தது. ஷெட்டிலிருந்து வந்த துண்டை மடித்துச் சொருகியது. விளக்கு நிலையாக எரிந்தவுடன் தன்னைப் போல் ஒருவன் இல்லை என்று நினைத்துக்கொண்டது. அது ஆகஸ்ட். தோல் மூன்று மாதம் நிதானமாக வேலை பார்த்திருக்கிறது. ஜாஸ்மின் செய்ததெல்லாம், அது முடித்த நாளில் சுவிட்சைப் போட்டதுதான்.

“இன்னா மச்சான், பிரச்சன கிடைச்சுதா?”

“கிடைக்கும் கிடைக்கும்” என்றார் தேவசகாயம். துண்டு அவர் சட்டைப் பைக்குள் போயிருந்தது. பச்சையைச் சுரண்டி, பிரஷ்ஷால் துடைத்து, போன கோட்டுக்குப் பதில் இரண்டு அங்குல ஒயரைப் பற்றவைத்தார். சுவிட்சைத் தட்டினார். சிவப்பு விளக்கு எரிந்தது.

ஜீவா கை தட்டினார். அமிர்தவள்ளி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “எம்புள்ள கையே கை! அந்தக் கழுத எரிச்சதுக்கு இவன் உசுரு குடுத்துட்டான் பாரு” என்றார். ஜாஸ்மின் வழக்கம்போலச் சிரித்தார். தேவசகாயம் நிமிராமலே பெட்டியை மூடி ஸ்க்ரூக்களை முடுக்கினார். இருபது வருடமாகப் பிறரை லைன் முன்னால் நிறுத்தியவருக்கு, நிற்பவர்கள் ஏன் தரையைப் பார்த்தார்கள் என்பது அன்றுதான் புரிந்தது.

“சகாயம், வந்து இந்த மிக்ஸிய போடுடா. தேங்கா அரைக்கணும்” என்று அம்மா கூப்பிட்டார்.

சமையலறையில் ஜாஸ்மின் மிக்ஸி ஜாரை மூடி, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு, பழக்கப்படி விலகி நின்று காத்திருந்தார். தேவசகாயம் சுவிட்சைத் தட்டினார். மிக்ஸி அலறியது. பழைய மிக்ஸி, அது ஓடும்போது பக்கத்துத் தெருவில்கூடப் பேச முடியாது. அவர் பேசத் தேர்ந்தெடுத்தது அந்த நேரத்தைத்தான். தோல் துண்டை எடுத்துத் தங்கையின் முன்னால் வைத்து, காதருகே குனிந்தார்.

“அந்த கேம கெடுத்தது நீ இல்ல, நான். தோல சொருகினது நான்தான். பாரத்துல உன்ன பொருத்தமில்லைன்னு எழுதினேன். இன்னும் குடுக்கல, பையில இருக்குது.”

ஜாஸ்மின் துண்டைப் பார்த்தார். அதிலிருந்த கையெழுத்தைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி, அம்மா வீட்டில் இருபத்தைந்து வருடமாகத் தொடாத சுவிட்சைத் தட்டினார். மிக்ஸி நின்றது. வீடே அமைதியானது. கூடத்திலிருந்து ஜீவா எட்டிப் பார்த்தார். அம்மா கரண்டியோடு திரும்பினார்.

“கேட்டுச்சுண்ணா” என்றார் ஜாஸ்மின். “எனக்குக் கேட்டா போதுமா? வாயத் தொறந்து சொல்லு, எல்லாருக்கும் கேக்கட்டும்.”

தேவசகாயம் தரையைப் பார்த்துக்கொண்டு இரண்டையும் திரும்பச் சொன்னார்.