பிளோயைப் பார்க்க மொன்றியலிலிருந்து மார்க்கம் வரை

இந்தக் கோடையில் எனக்குக் கிடைத்த லீவை ரொறொன்ரோவுக்கு வடக்கே, மார்க்கத்தில், ஒரு விளையாட்டரங்கின் பிளாஸ்டிக் கதிரையில் கழித்தேன். நயாகராவையாவது எட்டிப் பார்த்துவிட்டு வரலாமே என்று மனைவி கேட்டாள். நயாகரா அடுத்த வருடமும் விழும், பிளோய் அடுத்த வருடம் ஆடுவாரோ தெரியாது என்றேன். பதினைந்து வருடமாக இந்தப் பைத்தியத்தோடு குடித்தனம் நடத்துகிறாள்.

பட்மின்டன் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பிளோய் தாய்லாந்துக்காரி. அங்கே எல்லோருக்கும் நீளமான பெயர் ஒன்றும் கூப்பிடச் சின்னப் பெயர் ஒன்றும் இருக்கும்; இது சின்னப் பெயர். வடகிழக்கில் ஒரு சிறிய ஊர், தகப்பன் பஸ் சாரதி, சீமெந்துத் தரையில் பழகத் தொடங்கிய பிள்ளை. பதினெட்டு வயதில் உலகப் பட்டம் வென்றார். மெல்லிய உடம்பு, அடிக்குப் பலம் காணாது. ஆனால் பின்கோட்டிலிருந்து அடிக்கக் கையை ஓங்கி, கடைசி நொடியில் மணிக்கட்டைத் திருப்பி, ஷட்டிலை வலைக்குப் பக்கத்தில் போட்டுவிடுவார். எதிரி அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். நானும் அப்படித்தான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு பதினைந்து வருடத்தைப் போக்கிவிட்டேன்.

பிறகு வலது முழங்கால் போனது. இரண்டு சத்திரசிகிச்சை, ஒன்றரை வருட ஓய்வு. திரும்பி வந்தபோது தரவரிசை அதலபாதாளத்தில் இருந்தது. இந்தக் கனடாப் பயணத்தில் பிரதான சுற்றுகளுக்குள் நுழைய முடியாவிட்டால் மட்டையைக் கீழே வைத்துவிடுவேன் என்று அவரே சொல்லியிருந்தார். ஒரு காலத்து உலகச் சாம்பியன் மார்க்கத்தில் தகுதிச் சுற்று ஆடவேண்டிய நிலை. அதற்குத்தான் ரிக்கற் எடுத்தேன்.

ரிக்கற் எடுத்து இரண்டு கிழமையில், மார்க்கத்துக்குப் பக்கத்து ஊரான ஸ்ரௌவ்வில்லில் இருக்கும் அக்கா தொலைபேசியில் கூப்பிட்டா. அவவின் மகள் ஆரணிக்கும் அதே போட்டியில் தகுதிச் சுற்றில் இடம் கிடைத்திருக்கிறதாம். பத்தொன்பது வயது, கனடாவில் பிறந்தவள், கெட்டிக்காரி. சந்தோசப்பட்டேன். யார் யாரோடு ஆடுவது என்ற அட்டவணை வந்தபோது அதை மூன்று தரம் திருப்பித் திருப்பிப் படித்தேன். முதல் ஆட்டமே ஆரணிக்கும் பிளோய்க்கும்.

மொன்றியலிலிருந்து 401 நெடுஞ்சாலையில் ஸ்ரௌவ்வில் 530 கிலோமீற்றர். சாப்பாட்டுக்கு நின்றதோடு ஆறரை மணித்தியாலம், பெற்றோலுக்கு 68 டொலர். வெள்ளிக்கிழமை பின்னேரம் வழியில் பிக்கரிங்கை நெருங்கவேண்டாம், அந்த நெரிசலில் ஆமைதான் முந்தும். ஸ்ரௌவ்வில்லில் புது வீடுகள் எல்லாம் ஒரே அச்சு. அக்கா வீடு என்று நினைத்து வேறொருவருடைய வாசலில் காரை விட்டேன். அவர்களும் தமிழர்தான், தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.

ஆட்டத்துக்கு முதல்நாள் காலையில் றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்கு ஆரணியின் பெயரில் அர்ச்சனை செய்யப் போனோம். காரில் அரை மணித்தியாலம். கார் இல்லாதவர்கள் இந்தப் பக்கம் வருவதற்கு முன் நன்றாக யோசிக்கவும். அக்கா தேங்காய் வாங்கப் போன இடைவெளியில் நான் இன்னொரு அர்ச்சனைச் சீட்டு எடுத்தேன். பிளோயின் பிறந்த திகதி எனக்கு மனப்பாடம். போனில் பஞ்சாங்கம் பார்த்து ரேவதி நட்சத்திரம் என்று கண்டுபிடித்து வைத்திருந்தேன். வெற்றி கேட்கவில்லை, முழங்காலுக்கு மட்டும்தான் கேட்டேன். ஐயர் அந்தப் பெயரை இரண்டு தரம் முயன்றுவிட்டு மூன்றாம் தரம் சத்தமாகவே சொல்லிவிட்டார். அக்கா திரும்பிப் பார்த்தா.

"ஆரடா உவள் ரேவதி நட்சத்திரக்காரி?"

சொன்னேன். அக்கா அர்ச்சனைத் தட்டை என் கையிலிருந்து பறித்துக்கொண்டு காருக்கு நடந்தா.

இரவு இடியப்பமும் சொதியும் வந்தபோது கோபம் ஆறியிருந்தது. அத்தான் என்னைச் சீண்டத் தொடங்கினார்: பதினைந்து வருடமாகப் பார்க்கிறாயே, உன்னுடைய ஆளைப் பற்றி எங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லு பார்ப்போம் என்றார். இப்படி ஒரு கேள்விக்காகத்தான் நான் இவ்வளவு காலமும் காத்திருந்தேன் போல. விடுவேனா? சத்திரசிகிச்சைக்குப் பிறகு அவர் ஆடிய ஒவ்வொரு ஆட்டத்தையும் நாலு தரம் பார்த்தவன் நான். வலது முன்மூலைக்குப் போனால் அவர் முழங்காலை முழுதாக மடித்துப் பாய்வதில்லை, அரை அடி எட்டவே நின்று கையை நீட்டிச் சமாளிக்கிறார், அதனால் திருப்பி அனுப்பும் ஷட்டில் கொஞ்சம் உயரும் என்று எழும்பி நின்று, இடியப்பத் தட்டையே மட்டையாகப் பிடித்து நடித்துக் காட்டினேன். பாவம், இந்தக் காலோடும் ஆடுகிறாளே என்று அவருடைய பெருமையைச் சொல்லத்தான் சொன்னேன். எதிரிலே இருப்பவள் நாளைக்கு அவரோடு ஆடப்போகிறவள் என்பது அந்த நேரம் மண்டையில் ஏறவேயில்லை.

ஆரணி சாப்பிடுவதை நிறுத்தியிருந்தாள். "மாமா, ஆர் யூ ஷுவர்? ஒவ்வொருக்காவுமோ?"

ஒவ்வொரு முறையும்தான் என்றேன், வாத்தியார் தோரணையில்.

தகுதிச் சுற்று நாளுக்கு ரிக்கற் 25 டொலர், வாகனம் நிறுத்தக் காசில்லை. வெளிச் சாப்பாடு உள்ளே விடமாட்டார்கள். அக்கா கொண்டுவந்த மட்டன் ரோல்ஸ் ஒரு பெட்டி முழுவதும் காரிலேயே கிடந்து வெந்தது. எங்கள் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு வந்த சனம் மாதிரி இரண்டு வரிசை நிறைந்திருந்தது. சேர்வ் போடும்போது சத்தம் போடக்கூடாது என்று அன்ரிமாருக்குச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வற்றியது. பிளோய் உள்ளே வரும்போது கோர்ட்டின் எல்லையில் நின்று கைகூப்பிக் கும்பிட்டுவிட்டுக் காலை வைத்தார். திரையில் பார்த்ததைவிட ஆள் சின்னன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா கண்டும் காணாததுபோல் இருந்தா.

முதல் செற் 21-12, பிளோய்க்கு. அந்த மணிக்கட்டு அப்படியே இருந்தது. ஆரணி மூன்று தரம் பின்கோட்டில் நின்றபடி, வலைக்குப் பக்கத்தில் விழுந்த ஷட்டிலைப் பார்த்தாள். நான் கைதட்டாமல் இருக்க இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

இடைவேளையில் ஆரணியின் பயிற்சியாளர் ஏதோ சொல்ல, அவள் தலையாட்டிக்கொண்டே நிமிர்ந்து எங்கள் வரிசையைப் பார்த்தாள். என்னைத்தான் பார்த்தாள். பிறகு போய் முதல் ஷட்டிலை வலது முன்மூலையில் போட்டாள். அடுத்ததையும் அங்கேயே. பிளோய் அரை அடி எட்ட நின்று கையை நீட்டினார், ஷட்டில் உயர்ந்தது, ஆரணி அடித்து முடித்தாள். நேற்றிரவு நான் தட்டை வைத்துக் காட்டியது அச்சு அசலாக என் கண்முன்னால் நடந்தது. எங்கள் சனம் எழும்பி நின்று ஆரவாரித்தது. எனக்கு எழும்ப முடியவில்லை. என் வாயே அவரைத் தோற்கடிக்கிறது என்று தெரிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது செற் 21-18, ஆரணிக்கு. மூன்றாவதும் அவளுக்கே, 21-15. கடைசிப் புள்ளியும் அந்த மூலையிலேயே விழுந்தது.

பிளோய் நடுவரைக் கும்பிட்டார், தன் பயிற்சியாளரைக் கும்பிட்டார், கோர்ட்டைக் கும்பிட்டார். ஆரணி எங்களிடம் ஓடிவந்து தாயைக் கட்டிப்பிடித்துவிட்டு என் முன்னால் நின்றாள்.

"மாமா, சொறி."

வென்றவள் ஏன் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று தலையைத் தடவிவிட்டேன்.

வெளியே மட்டைக்கு நரம்பு கட்டும் இடத்துக்குப் பக்கத்து வாங்கில் பிளோய் தனியாக இருந்தார், முழங்காலில் ஐஸ் பை. படம் எடுக்கவேண்டும் என்று எத்தனை வருடக் கனவு. போனேன், ஆனால் போனை வெளியே எடுக்க மனம் வரவில்லை. நான் அந்தப் பெண்ணின் மாமா, முழங்கால் விசயத்தை நான்தான் சொல்லிக் கொடுத்தேன், மன்னிக்கவேண்டும் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கொட்டிவிட்டேன். அவர் பக்கத்தில் இருந்த மட்டைப் பையை நகர்த்தி எனக்கு இடம் விட்டார். பிறகு ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து ஆங்கிலத்தில் சொன்னார்.

"எங்கள் பயிற்சிக்கூடத்தில் எல்லோரும் என்னிலும் சின்னவர்கள். என்னை அக்கா என்று கூப்பிடுவார்கள். ஒரு வருடமாக ஒருத்தி கூட அந்த மூலைக்குப் போடவில்லை. எனக்குச் சுகமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெளியில் தோற்றால் வேகம் குறைந்துவிட்டது, பழகினால் வரும் என்று நினைத்தேன்."

ஐஸ் பையைத் திருப்பி வைத்தார். "உங்கள் பெண் என்னை அக்காவாகப் பார்க்கவில்லை. அவளுக்கு நன்றி சொல்லுங்கள்."

சிரித்தபடிதான் சொன்னார். நான்தான் நொறுங்கிப் போனேன். அத்தனை பிள்ளைகளும் அன்பினால் மறைத்த ஒன்றை, அவரை அதிகம் நேசிக்கிறேன் என்று திரிந்த நான் இடியப்பத்தோடு பரிமாறிவிட்டேனே. ஆனாலும் ஒன்று, அவர் இன்னும் இரண்டு வருடம் தெரியாமலே ஓடி அந்தக் காலை முழுதாகத் தொலைத்திருக்கலாம். எது சரி என்று இன்றைக்கும் எனக்கு முடிவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: தகுதிச் சுற்று நாளையே தேர்ந்தெடுங்கள், கூட்டம் குறைவு, வீரர்களைப் பக்கத்தில் பார்க்கலாம். பக்கவாட்டில் இல்லாமல் கோர்ட்டின் பின்பக்கம் இருந்தால்தான் மணிக்கட்டு தெரியும். உள்ளே குளிரூட்டி உதறவைக்கும், கோடைதானே என்று ஸ்வெற்றரை விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஸ்ரௌவ்வில்லில் தங்குவதானால் வீட்டு இலக்கத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அபிமான ஆட்டக்காரரோடு மோதப்போகிறவர் சாப்பாட்டு மேசையில் இருந்தால் வாயைச் சாப்பிட மட்டும் திறவுங்கள்.

ஆரணி அடுத்த ஆட்டத்தில் தோற்றுவிட்டாள், பிரதான சுற்றுக்குப் போகவில்லை. பிளோய் சொன்ன நன்றியை அன்றைக்கே சொன்னேன், களைப்பில் அரைகுறையாகக் கேட்டாள். போன கிழமை பிளோய் ஓய்வு பெறுகிறார் என்ற செய்தி வந்தது. இரவுச் சாப்பாட்டு நேரம் ஆரணி போன் எடுத்தாள்.

"மாமா, அப்ப அவ கடைசியா விளையாடினது என்னோடையா?"

"ஓம்" என்றேன்.

வென்ற அன்றைக்கு அழாத பிள்ளை மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அப்ப அவவைக் கடைசியா வென்ற நான் இனி ஆரோடையும் சும்மா தோக்கேலாது, என்ன மாமா."