ஒரு எஃப் கூடிப்போனது

என் வீட்டுக்காரர் கடைசியாகப் பேசி நாற்பது நாளாகியிருந்தது. வளைகுடாவில் மீன்பிடிப் படகில் அவருக்கு வேலை. எப்போது கூப்பிட்டாலும் ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லும். அதில் 'சுவிட்ச் ஆஃப்' மட்டும் எனக்குப் புரியும். அங்கே அவருக்கு வேறு குடும்பம் இருக்கிறது என்று எங்கள் கடற்கரை ஊரில் பேச்சு கிளம்பியிருந்தது.

அவரைத் தேடச் சொல்லித் தூதரகத்துக்கு மனு அனுப்ப, மகளோடு பக்கத்து ஊரான புதுக்கடையில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். மகள் வீட்டிலிருந்த அவருடைய பாஸ்போர்ட் நகலை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர் என்னிடம் தாளை நீட்டி, இருவர் பெயரையும் ஆங்கிலத்தில் எழுதச் சொன்னார். என் பெயருக்கும் அவர் பெயருக்கும் நடுவில் 'ஒய்ஃப் ஆஃப்' என்று எழுதினேன். எட்டாம் வகுப்புப் படித்த எனக்குத் தெரிந்த ஆஃப், டிவி சுவிட்சில் பார்த்ததுதான்.

கடைக்காரர் வாசித்துவிட்டுச் சிரித்தார்.

"யக்கா, ரெண்டு எஃப் போட்டிருக்கிய! அண்ணன் ஒங்கள ஆஃப் பண்ணியாச்சா?"

காத்திருந்தவர்களும் சிரித்தார்கள். கூச்சத்தில் நானும் சிரித்தேன். பிறகு மகளிடம் மெல்லக் கேட்டேன்.

"ரெண்டும் வேற வேறயா மக்களே?"

அவள் கல்லூரியில் ஆங்கிலம் படிக்கிறாள். பரீட்சைக்குச் சொல்வதுபோல் உற்சாகமாகச் சொன்னாள்.

"முந்தி ஒரே வார்த்தைதாம்மா. மொதல்ல 'விட்டு விலகி'ன்னுதான் அர்த்தம். அப்புறந்தான் 'இன்னாருக்க'ன்னு ஆச்சு. நாம 'அவருக்க வீடு'ன்னு சொல்லுவோம்லா, அதுமாதிரி. எழுத்துல ரெண்டாப் பிரிஞ்சது ரொம்பப் பிந்தி."

"விலகிப்போறதும் சொந்தமா இருக்கதும் ஒரே வார்த்தையா?"

"ஒரு எடத்த விட்டு வந்தவன் அந்த எடத்துக்க ஆளுதானே. அப்படி மாறியிருக்கு."

என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். "நான் அப்பாவச் சொல்லல்லம்மா."

கடைக்காரர் தட்டச்சு செய்தபடியே கேட்டார். "காரணம் என்னான்னு போட? ஆளு காணல்லியா, விட்டுட்டுப் போயாச்சா?"

சிரித்தவர்கள் இப்போது என் பக்கம் திரும்பினார்கள். பதிலுக்குக் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அத்தனை பேர் முன்னால் நான் வாய் திறந்ததே இல்லை.

"காணல்ல," என்றேன். குரல் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. "எனக்க மாப்பிள்ளையக் காணல்ல."

கடைக்காரர் அப்படியே அடித்தார். ஒற்றை எஃப் போட்ட மனுவில் கையெழுத்திட்டேன்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது மறுபடியும் வீட்டுக்காரரைப் போனில் கூப்பிட்டேன். அதே குரல்தான். அது சொன்ன ஆஃபில் எத்தனை எஃப் என்று கூர்ந்து கேட்டேன். காதுக்குத் தெரியவில்லை.