தட்டாஞ்சாவடியில் முடியாத ஒரு குதிரை

போன சனிக்கிழமை புதுச்சேரிக்குப் போனது ஒரே ஒரு சிற்பியைப் பார்க்கத்தான். அய்யனார் கோயில்களுக்கு மண்குதிரை செய்துகொண்டிருந்த முருகேசன் இப்போது இரும்புத் தகட்டில் இன்னதென்று சொல்ல முடியாத உருவங்களைச் செய்கிறார். அங்கிருந்து இங்கே எப்படி வந்தார் என்று தெரிந்துகொள்ள ஆசை. பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்.

விழுப்புரத்திலிருந்து நாற்பது கிலோமீட்டர், பேருந்தில் ஒன்றேகால் மணி நேரம். பேருந்து நிலையத்திலிருந்து தட்டாஞ்சாவடிக்கு ஆட்டோ நூற்றைம்பது ரூபாய். ஓட்டுநர் மூன்று பட்டறைகளில் நிறுத்தி விசாரித்துவிட்டு, "செல செய்றவரா? இங்க போல்ட்டு நட்டுதான் சார் செய்வாங்க" என்று என்மீதே எரிந்து விழுந்தார். சரியான கொட்டகையைக் கண்டுபிடித்தபோது பத்தே முக்கால்.

உள்ளே ஐந்தடி உயரத்தில் ஒரு வளைந்த தகடு. முருகேசன் கிரைண்டரோடு அதன்மேல் குனிந்திருந்தார். "அஞ்சு நிமிஷம் சார், இந்த ஓரம் மட்டும்." அந்த ஐந்து நிமிஷம் முடியும்போது மணி பன்னிரண்டரை. பெயிண்ட் டப்பாமேல் உட்கார்ந்து தீப்பொறியை வேடிக்கை பார்த்தேன். ஏன்டா வந்தோம் என்று ஆகிவிட்டது.

டீ வந்த பிறகுதான் வாய் திறந்தார். "குதிரைக்குக் கடைசியாத்தான் கண்ணு தொறப்போம். தொறந்துட்டா அது சாமிது. செஞ்சவன் அப்பறம் கை வைக்கக் கூடாது, ஊர்க்காரங்கதான் தூக்கிட்டுப் போவாங்க. ஒரு ஊர்ல கண்ணு தொறந்தப்பறம் பாக்குறேன், கழுத்து கோணலா இருக்குது. ஒண்ணும் பண்ண முடியல. இன்னிக்கும் அந்த வழியா நான் போறதில்ல."

அடுத்த குதிரைக்குக் கண் திறக்காமல் தன்னிடமே வைத்துக்கொண்டாராம். கண் இல்லாதபோது முகம் எதற்கென்று முகத்தை விட்டார். பிறகு கால்கள் போயின. சுட்ட மண்ணைத் திருத்த முடியாதென்று இரும்புக்கு மாறினார். இப்போது கழுத்தின் வளைவு மட்டும்தான் மிச்சம்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கண்ணே திறப்பதில்லை என்றால் வேலை முடிந்ததென்று யார் சொல்வது? பெங்களூரில் நடக்கும் கண்காட்சிக்கு ஏற்றிப்போக இரண்டு மணிக்கு குட்டியானை வண்டி வந்தது. அவர் மறுபடி கிரைண்டரை எடுத்தார். மூன்று மணி ஆயிற்று. நான்கும் ஆயிற்று. "அண்ணே, நான் கெளம்பறேன்" என்றார் டிரைவர்.

முருகேசனின் மனைவி விஜயா என்னிடம் பொருமினார். "ரெண்டு தடவ வெறும் வண்டியத் திருப்பி அனுப்பிட்டாரு சார். இந்தத் தடவயும் போவலன்னா இனிமே கூப்பிட மாட்டாங்க."

சொன்ன கையோடு சாக்பீஸை எடுத்துப் போய், தகட்டின் உச்சியில் இரண்டு கண்களை வரைந்தார். "இப்பத் தொடுங்க பாப்போம்."

கிரைண்டர் நின்றது. ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்தால் போய்விடும் சாக்பீஸ்தான். துடைக்கவும் தொட வேண்டுமே! முருகேசன் ஒதுங்கி நின்றுவிட்டார்.

நானும் டிரைவரும் விஜயாவும்தான் தூக்கி ஏற்றினோம். இடுப்பு இன்னும் வலிக்கிறது. நீங்கள் போவதானால் அன்றைக்கு வண்டி வருகிறதா என்று முதலிலேயே ஃபோனில் கேட்டுவிடுங்கள். தரையெல்லாம் இரும்புத்தூள், ஷூ போட்டுப் போங்கள். சாப்பிட்டுவிட்டும் போங்கள், பக்கத்தில் டீக்கடையைத் தவிர ஒன்றுமில்லை. ஒரு நாளை முழுதாய்த் தின்ற மனிதர்மேல் எனக்கு இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. இருந்தாலும் கடைசியில் பாவமாகத்தான் இருந்தது.

வண்டி நகர்ந்தபோது முருகேசன் கைகளைப் பின்னால் இறுகக் கட்டிக்கொண்டு கேட் வரை வந்தார்.

"வலது ஓரம் இன்னும் கொஞ்சம் தேய்ச்சிருக்கணும் சார்" என்றார்.

"பேசாம இருங்க" என்றேன்.