முதல் மார்க்குக்குக் கிடைத்த வேலை

நம் ஊரில் பெண்கள் தலைக்கு மேல் கை தூக்குவது சாமிக்குத்தான். இங்கே, மலாயாவில் ஜாசினுக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், விடிந்ததும் எனக்கு முன்னால் தூக்குகிறார்கள். அவசரகாலச் சட்டம் வந்ததிலிருந்து நாங்கள் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்வேலி. பால் வெட்டப் போகிறவர்கள் ஒரு பிடி சோறுகூடக் கொண்டுபோகக் கூடாது. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். கேட்டில் பெண்களைத் தடவிப் பார்க்க ஒரு பெண் வேண்டும். அது நான்.

இதற்கும் துரை பரீட்சை வைத்தார். கூட்டல், கழித்தல், தடை செய்த சாமான்களின் பெயர்களை ஆங்கிலத்தில் வாசித்தல். தஞ்சாவூர்ப் பக்கம் எட்டாவது படித்து, தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸரைக் கட்டிக்கொண்டு கப்பலேறிய எனக்குத்தான் முதல் மார்க். மார்க் வாங்கியவள் வேலையில் தப்பு விடமாட்டாள் என்று துரைக்கு அசையாத நம்பிக்கை. நான் எட்டாவதில் தேறியபோது அப்பா தெருவெல்லாம் கற்கண்டு கொடுத்தார். இன்னொருத்தியின் இடுப்பைத் தடவத்தான் இந்தப் படிப்பு என்று தெரிந்திருந்தால் டப்பாவைத் திறந்தே இருக்க மாட்டார்.

அஞ்சலையைப் பற்றிப் பரீட்சையில் கேள்வி இல்லை. அடுத்த வீட்டுக்காரி, நான் மலேரியாவில் கிடந்தபோது கஞ்சி ஊட்டியவள். இப்போது ஏழு மாதம். போன வாரம் அவள் தலைத்துண்டைத் தொட்டேன். உள்ளே சின்னச் சோற்றுருண்டை.

"வெயில் ஏறுனா தல சுத்துதுக்கா. விட்டுடுங்கலா."

சிக்கினால் ஜாசின் லாக்கப். அவள் பார்த்தேயிராத இந்தியாவுக்குக் கப்பலேற்றினாலும் ஏற்றுவார்கள். மலாய்க் காவலர் எங்கள் பக்கம் திரும்பினார். உருண்டையை என் வாயில் போட்டுக்கொண்டேன்.

"லாப்பார் கா?" என்று சிரித்தார். பசியா என்கிறார். தலையாட்டினேன். வீட்டிலேயே சாப்பிட்டு வரச் சொல்லிக் கையால் ஜாடை காட்டினார், பாவம், நல்ல மனிதர்.

அஞ்சலை வெறும் வயிற்றோடு போனாள். வெயில் ஏறியதும் மரத்தடியில் மயங்கி விழுந்தவளைத் தூக்கி வந்தார்கள். பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று என் வீட்டுக்காரர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. சாயங்காலம் துரை, என் கேட்டில் யாருமே பிடிபடவில்லை என்று "வெரி குட்" சொன்னார். மார்க் பொய்க்கவில்லை என்று அவருக்குத் திருப்தி.

இரண்டு நாள் கழித்து அஞ்சலை வேலைக்கு வந்தாள். எனக்கு முன்னால் லயம், பின்னால் ரப்பர் மரங்கள், நடுவில் கேட்டில் நான். சொல்லாமலே கைகளைத் தூக்கினாள். நான் தொடுவதற்குள் வாயையும் அகலத் திறந்து காட்டினாள்.

"இதயும் பாத்துக்குங்க, டிரஸரம்மா."