சுடலைமணி இரண்டு தரம் கேட்பார்

எங்கள் கோடதியில் கடைசியாக மார்க் போடுகிறவர் சுடலைமணி அண்ணன். அவர் முதலில் வாயைத் திறந்துவிட்டால் மற்றவர்களும் அதே மார்க்கைத்தான் போடுவோம் என்று எங்களுக்கே தெரியும். அதனால் அவருக்குக் கடைசி நாற்காலி. அதுவும் ஜன்னலைப் பார்த்து, எங்களுக்கு முதுகு காட்டிப் போட்டது.

கோடதி என்று பேர் வைத்தது சுதீர். மலையாளத்தில் நீதிமன்றத்தை அப்படித்தான் சொல்வார்கள். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் அவன் குடும்பத்துக்குச் சுக்குக் கிடங்கு இருக்கிறது. மாடியில் சாக்கு அடுக்காத ஓர் அறை. ஞாயிறு மாலை நாலு மணிக்கு அங்கே ஐந்து பேர் கூடுவோம். வாரம் ஒருவர் முறை. முறைக்காரர் மற்ற யாரும் கேட்டிராத ராக் பாட்டோ மெட்டல் பாட்டோ கொண்டுவர வேண்டும். பாடியது யார், எந்த நாடு, எந்த வருஷம், எதுவும் சொல்லக் கூடாது. இருப்பது ஒரே ஹெட்போன், அது கை மாறிப் போகும். கேட்டவர் முகத்தைச் சுளிக்காமல் சீட்டில் பத்துக்கு இத்தனை என்று எழுதி மடித்துவிட வேண்டும். எல்லாரும் எழுதிய பிறகு மார்க்கை வாசித்து, தீர்ப்புச் சொல்லி, அப்புறம்தான் பேர் வெளியே வரும். பேரைக் கேட்டதும் பக்தி வந்துவிடுகிற கூட்டம் நாங்கள். சொந்தப் பாட்டுக்கு அறவே இடமில்லை. இந்தச் சட்டம் எல்லாம் ஆறு வருஷமாக ஒழுங்காகத்தான் நடந்தது.

அண்ணனை அங்கே கூட்டிக்கொண்டு போனது நான். போர்ட் கொச்சியில் ஒரு லாட்ஜின் ரிசப்ஷனில் இருக்கிறேன். அவர் இடக்கொச்சி ஐஸ் பிளான்ட்டில் கிரஷர் ஓட்டுகிறவர். மீன் படகுகளுக்குப் போகிற ஐஸ் கட்டிகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளி நொறுக்கிக் கொடுக்க வேண்டும். பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் காதில் விழாது. இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சத்தத்துக்குள் நிற்கிறார். ஒரு நாள் லாட்ஜில் கல்யாண விருந்துக்கு ஐஸ் கொண்டுவந்தவர், நான் கவுன்டரில் ஓடவிட்டிருந்த மெட்டல் பாட்டைக் கேட்டு மூட்டையைக் கீழே வைத்துவிட்டு நின்றார். சத்தத்தைக் குறைக்கச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். முழுதாகக் கேட்டுவிட்டு, டிரம்ஸ் அடிக்கிறவன் மூன்றாவது சுற்றில் ஒரு அடியை விழுங்கிவிட்டான் என்றார். நானூறு தரம் கேட்ட பாட்டு அது. திரும்பப் போட்டுப் பார்த்தேன். விழுங்கித்தான் இருந்தான்.

அவருக்கு ஆங்கிலம் ஓர் எழுத்துத் தெரியாது. தமிழும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். மலையாளம் படிப்பார். மெட்டலைப் பற்றி நாங்கள் படித்துக் குவித்த கட்டுரைகள், பட்டியல்கள், சண்டைகள் ஒன்றும் அவருக்குத் தெரியாது. காது மட்டும்தான். எங்களில் ஒருத்தியான மஞ்சுஷா கொண்டுவந்த ஒரு பாட்டை நாங்கள் மூன்று பேரும் எட்டு, ஒன்பது என்று தூக்கி வைத்தபோது அவர் நாலு போட்டார். “இவனுக்குக் கோவமே இல்ல, கோவப்படுற மாதிரி கத்துதான்,” என்றார். மஞ்சுஷா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அந்தப் பாட்டை போனிலிருந்து அழித்துவிட்டதாகச் சொன்னாள்.

பிளான்ட்டில் அவர் வெறும் மணி. சூப்பர்வைசர் கைதட்டித்தான் கூப்பிடுவான். வீட்டிலும் அவர் மனைவி பேச்சியம்மாள் மதினிக்கு இந்தப் பாட்டுகள் தலைவலி. மாடியில் மட்டும்தான் நான்கு பேர் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வருவார். கோடதிக்கு இஸ்திரி வேண்டாமா என்று நான் கேலி செய்வேன். சிரித்துக்கொள்வார்.

போன வருஷக் கடைசியில் அவரிடம் ஒரு புதுப் பழக்கம் வந்தது. எந்தப் பாட்டையும் இரண்டு தரம் கேட்டுத்தான் மார்க் போட்டார். ஏன் என்று கேட்டதற்கு, “மொதல் தரம் பாட்ட கேக்கேன், ரெண்டாவது தரம் ஆள கேக்கேன்,” என்றார். நாங்கள் அதையும் ஒரு பெரிய தத்துவமாக எடுத்துக்கொண்டோம். விபின் அதைத் தன் டீ ஷர்ட்டில் அச்சடிக்கப் போவதாகச் சொன்னான்.

விபினைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனும் எங்களைப் போல இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பையன்தான். களமசேரியில் ஒரு ஸ்டூடியோவில் சவுண்ட் மிக்ஸிங் செய்கிறான். மூன்று பேர் சேர்ந்த ஒரு பேண்ட் வைத்திருக்கிறான். கெட்டிக்காரன். அதில் சந்தேகம் இல்லை. கோடதியில் அவன் முறைக்கு மூன்று வாரம் முன்னால், அண்ணனுக்கு ஷிப்ட் இருந்த ஒரு சாயங்காலம் என்னையும் சுதீரையும் மஞ்சுஷாவையும் மட்டும் கிடங்கு மாடிக்கு வரச் சொன்னான். தன் பேண்டின் புதுப் பாட்டை ஸ்பீக்கரில் போட்டான்.

கிட்டார் இரண்டு நிமிஷம் ஏறி நின்று, சட்டென்று அடங்கியது. அந்த இடத்தில் ஒரு மனிதர் பேசினார். சுடலைமணி அண்ணன்.

விபினுக்கு மட்டும் என்று அவர் போன வருஷம் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் அது. சவுண்ட் தெரிந்த பையன் என்று நம்பி அவனிடம் சொல்லியிருக்கிறார். இடது காது போய்விட்டது, உள்ளே ஒரு விசில் மட்டும் கேட்கிறது, வலதும் சில வருஷத்தில் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார், ஹெட்போனில் இரண்டு பக்கத்துச் சத்தத்தையும் ஒரே காதில் கேட்க வழி இருக்கிறதா என்று கேட்டிருந்தார். கோடதிக்குத் தெரிந்தால் தன் மார்க்கை யார் மதிப்பார்கள், அது போனால் தனக்கு வேறு ஒன்றும் இல்லை என்று சொல்லும்போது குரல் உடைந்தது. மதினிக்குக்கூட அவர் சொல்லவில்லை. சுவர்ப் பக்கம் புழுங்குகிறது என்று சொல்லி, மதினி வலது காதுப் பக்கம் வரும்படி கட்டிலில் இடம் மாற்றிப் படுத்திருக்கிறார். எல்லாம் அந்த மெசேஜில் இருந்தது. கடைசியில், “விபினே, யார்ட்டயும் சொல்லிராத,” என்றார். அந்த ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்து, டிரம்ஸ் மேலே திரும்பத் திரும்ப ஓட விட்டிருந்தான். யார்ட்டயும் சொல்லிராத, யார்ட்டயும் சொல்லிராத என்று பதினோரு தரம். அதன் மேல் விபினின் அலறல்.

மஞ்சுஷா அழுதுவிட்டாள். அண்ணனிடம் கேட்டாயா என்று முதலில் கேட்டவளும் அவள்தான். கேட்டால் வேண்டாம் என்பார், பாட்டு செத்துப்போகும் என்றான் விபின். அவனிடம் ஒரு யோசனை இருந்தது. தன் முறை வரும்போது இதையே கொண்டுவருவான். அண்ணன் பேர் தெரியாமல் மார்க் போடட்டும். ஏழுக்கு மேல் போட்டால் அப்புறம் உண்மையைச் சொல்லிச் சம்மதம் வாங்கிக்கொள்ளலாம், அவர் தீர்ப்பை அவரே மீற மாட்டார். சொந்தக் குரலை அவருக்கு அடையாளம் தெரியாதா என்று சுதீர் கேட்டான். அதைத் தான் பார்த்துக்கொள்வதாக விபின் சொன்னான். எப்படி என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. சுதீர் தரையைப் பார்த்தான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? பாட்டு பிரமாதமாக வந்திருக்கிறது என்று சொன்னேன். அது உண்மை.

அவர் கேட்ட வழி போனிலேயே இருக்கிறது. செட்டிங்கில் போய் ஒரு பொத்தானைத் தட்டினால் இரண்டு பக்கத்துச் சத்தமும் ஒன்றாகிவிடும். நான் தேடிக் கண்டுபிடிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. சவுண்ட் இன்ஜினியரான விபினுக்கு அது தெரியாமல் இருக்காது. அவன் அவருக்கு அனுப்பிய பதில், “பார்க்கலாம் மணியேட்டா.” அவ்வளவுதான்.

அந்த ஞாயிறு வந்தது. அண்ணன் இஸ்திரிச் சட்டையில் வந்தார். கீழேயிருந்து எல்லாருக்கும் சாயா வாங்கி வந்திருந்தார். விபின் பாட்டைத் தொடங்கி ஹெட்போனை மஞ்சுஷாவிடம் கொடுத்தான். அவள் கேட்டு, எழுதி, சுதீரிடம் தந்தாள். சுதீர் என்னிடம் தந்தான்.

மாட்டிக்கொண்டேன். கிட்டார் ஏறி நின்று அடங்கியது. குரல் வந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முன்பு ஸ்பீக்கரில் நடுவில் கேட்ட குரல், இப்போது இடது காதில் மட்டும் கேட்டது. வலது பக்கம் பேஸ் கிட்டாரின் மெல்லிய முனகல் தவிர ஒன்றும் இல்லை. பார்த்துக்கொள்கிறேன் என்று அவன் சொன்னது இதைத்தான். செவிடான காதின் பக்கம் அவர் குரலைத் தள்ளி வைத்திருந்தான். விபினைப் பார்த்தேன். அவன் கண்ணாலேயே கெஞ்சினான்.

ஹெட்போனைக் கழற்றி விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். வயிற்றுவலி என்று பொய் சொல்லியாவது எழுந்து போயிருக்கலாம். நான் ஒன்பது என்று எழுதினேன். மடித்து வைத்தேன். அண்ணனிடம் ஹெட்போனைக் கொடுத்தேன்.

அவர் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து கேட்டார். முடிந்ததும் வழக்கம்போல இன்னொரு தரம் போடச் சொன்னார். போடுவதற்குள் ஹெட்போனைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்து மாட்டிக்கொண்டார். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அப்போதுதான் கண்ணில் பட்டது. இடது தோளில் தொங்கிய வயர் இப்போது வலது தோளில் தொங்கியது. ஹெட்போனைத் திருப்பி மாட்டியிருந்தார். இடது பக்கத்துச் சத்தம் அவருடைய நல்ல காதுக்குப் போய்க்கொண்டிருந்தது. இத்தனை மாதமாக இரண்டாவது தரம் என்பது இதுதான். விபின் கைவிட்ட பிறகு அவரே கண்டுபிடித்துக்கொண்ட வழி.

பாட்டு ஓடுவது வெளியே கொஞ்சம் கசிந்து கேட்டது. கிட்டார் ஏறியது. நின்றது.

அண்ணனின் முதுகு அசையவில்லை. ஒரு கை மட்டும் எழுந்து வலது காதை அழுத்திப் பிடித்தது. பதினோரு தரமும் கேட்டார். கடைசி அலறல் அடங்கும்வரை கழற்றவில்லை. பிறகு சீட்டை எடுத்து எழுதி மடித்தார். நாற்காலியைத் திருப்பி எங்களைப் பார்த்து உட்கார்ந்தார். முகம் வெளிறி இருந்தது. சத்தம் போடுவார், அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மார்க்கை வாசிக்கச் சொன்னார்.

மஞ்சுஷா எட்டு என்றாள். சுதீர் எட்டு. என் முறை வந்தபோது சீட்டைப் பிரித்தேன். ஒன்பது என்றேன். அவர் தன் சீட்டைப் பிரித்து எல்லாருக்கும் காட்டினார். ஒன்பது.

“பாட்டு நல்லாருக்கு,” என்றார். “டிரம்ஸ் எங்கயும் இடறல. அந்த ஆளுக்க பேச்சில பொய் இல்ல. அவனுக்குத் தான் பாடுறோம்னு தெரியாது, அதான்.”

கீழே யாரோ கிடங்கின் கதவைத் தள்ளித் திறக்கும் சத்தம் கேட்டது.

“பேரச் சொல்லு விபினே. மார்க் போட்டாச்சில்லா, இனி பேரச் சொல்லணும்.”

விபின் பேண்டின் பேரைச் சொன்னான். பேசுகிற ஆளின் பேர் என்ன என்று அண்ணன் கேட்டார். விபின் சுவரைப் பார்த்தான். பிறகு, “மணியேட்டன்தான்,” என்றான். அந்தக் குரலை எதற்காக இடது பக்கம் வைத்தாய் என்று அவர் கேட்டார். அவன் திக்கித் திக்கி, குரல் யாருடையது என்று தெரிந்தால் நேர்மையாக மார்க் போட முடியாதே, அதற்காகத்தான் என்றான். அவர் அதை ஒரு சாட்சி சொல்வதைக் கேட்பதுபோலப் பொறுமையாகக் கேட்டார். மஞ்சுஷா மன்னிப்புக் கேட்கத் தொடங்கினாள். கையைக் காட்டி நிறுத்தினார்.

எழுந்து ஹெட்போனை அதன் ஆணியில் மாட்டினார். செருப்பைப் போட்டுக்கொள்ளும்போது என்னிடம் திரும்பினார். அவர்களிடம் அவருக்கு அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை. அங்கே கூட்டிக்கொண்டு போனவன் நான்.

“பாபு, ஒனக்கு ரெண்டு காதும் நல்லாத்தான இருக்கு?”

“இருக்குண்ணே.”

தலையாட்டிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு கோடதி கூடவில்லை. விபின் பாட்டை வெளியிடவில்லை என்று சொல்கிறான். அவன் சொல்வதை நம்புகிற நிலையில் நான் இல்லை. அண்ணன் காலையில் ஷிப்டுக்குப் போகுமுன் பாலத்தடிக் கடையில் சாயா குடிப்பார். நான் தினமும் போய் அவருக்கு வலது பக்கம் பெஞ்சில் உட்காருகிறேன். அவர் கிளாஸை எடுத்துக்கொண்டு எழுந்து, எனக்கு மறுபக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறார். இடது காது என் பக்கம் இருக்கிறது. நான் சொல்ல வேண்டியதையெல்லாம் அந்தக் காதில்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.